சேறு காய்வதற்குள்

மழை நாளில் ஏரிக்குள்ளேயும் தோட்டத்து வண்டித்தடத்திலும் ஓட்டிவிட்டு வரும் பைக்குகள் பெரும்பாலும் நேராகப் போய் நிற்கிற இடம் வாட்டர் சர்வீஸ். ரேம்ப்பில் ஏற்றுவார்கள். அடிப்பகுதி முழுக்க டீசல் அடிப்பார்கள். அப்புறம் தண்ணீரைப் பீய்ச்சுகிற கன்னை எடுத்து, சேறு எங்கே அதிகமோ அங்கே நேராகப் பிடிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி பளபளவென்று வெளியே வந்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். நாள் முழுக்கச் சேற்றில் உழன்றபோது அந்த வண்டிக்கு நேராத சேதம் பல நேரம் அந்த ரேம்ப்பின் மேல்தான் நேர்கிறது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீடு என்றால் அதுகூட வராது. சர்வீஸ் கன்னில் பாய்கிற தண்ணீருக்கு அழுத்தம் 100 பார் அளவில் இருக்கும். வீட்டுக்கென்று விற்கிற சின்ன பிரஷர் வாஷரும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். வீல் பேரிங், பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மின் புஷ், ஹேண்டிலைத் தாங்குகிற கோன் செட் எல்லாவற்றையும் ரப்பர் சீல்கள்தான் காக்கின்றன. சீலின் உதடு மிக மெல்லியது. மழையையும், தெறிக்கிற சேற்றையும் வெளியே நிறுத்துவதற்குச் செய்யப்பட்டது. பக்கத்தில் நின்று கன்னைப் பிடித்தால் அந்த உதடு மடங்கி வழிவிட்டுவிடும். தண்ணீர் உள்ளே போய் கிரீஸோடு கலக்கும். கன்னை எடுத்ததும் சீல் பழையபடி மூடிக்கொள்ளும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது.

நண்பர் ஒருவருடைய வண்டியில் ஹேண்டிலை நடுவுக்குக் கொண்டுவந்தால் ஏதோ பள்ளத்தில் உட்காருவதுபோல 'டக்'கென்று நின்றது. கோன் செட் போய்விட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மெக்கானிக் அண்ணன் கழற்றிக் காட்டினார். கிரீஸ் இருந்திருக்க வேண்டிய இடத்தில் காவி நிறத்தில் ஒரு குழம்பு. குண்டுகள் ஓடுகிற தடத்தில் துருப் புள்ளிகள். "இது ஓட்டி ஓட்டிப் போனதில்ல தம்பி, கழுவிக் கழுவிப் போனது" என்றார். நண்பர் ஒவ்வொரு மழை ஓட்டத்துக்குப் பிறகும் தவறாமல் வாட்டர் சர்வீஸ் விடுகிறவர். வண்டியை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அக்கறையில்தான் விட்டார்.

டீசலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒட்டின ஆயில் அழுக்கு போக அது நல்ல சரக்குதான், செயின் கழுவ நானே பயன்படுத்துகிறேன். ஆனால் வண்டி முழுக்கத் தெளிக்கக் கூடாது. இயற்கை ரப்பர் டீசலில் ஊறினால் உப்பிப் போகும். புஷ், பூட் என்கிற ரப்பர் உறை எல்லாம் நாளடைவில் தளர்ந்துவிடும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் பேடு அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் பிரேக் பழைய மாதிரி பிடிக்காது. பிளாஸ்டிக்கில் தெரிகிற அந்தக் கருப்புப் பளபளப்பு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம், அவ்வளவுதான். மறுநாளே தூசு வந்து ஒட்டும். வாட்டர் சர்வீஸில் வேலை பார்க்கிற பையன்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வரிசையில் நிற்கிற வண்டிகளுக்கு நடுவே ஒரு வண்டிக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். தார்ச் சாலையில் ஓடுகிற வண்டிக்கு அது போதும். சேற்றில் ஓடுகிற வண்டிக்கு வேறு மாதிரியான கழுவல் வேண்டும், அதை நாம்தான் செய்ய வேண்டும்.

வீட்டு வாசலில், குழாய்த் தண்ணீரில், கையால் கழுவச் சொல்கிறேன். நேரம் பிடிக்கும், முதுகு வலிக்கும். ஆனாலும் வண்டியின் ஒவ்வொரு போல்ட் மேலும் நம் விரல் படுகிற சந்தர்ப்பம் இது ஒன்றுதான். லூசான ஸ்போக், உரசித் தேய்ந்த வயர், கசிய ஆரம்பித்திருக்கிற ஆயில் சீல், கழன்று விழக் காத்திருக்கிற நட் எல்லாம் கழுவும்போதுதான் அகப்படும். டக்கார் ராலியில் மெக்கானிக், உதவியாளர் யாரும் இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு, ராத்திரி அவர்களே ஸ்பேனரைப் பிடித்து உட்கார வேண்டும். கருவிகளுக்கும் உதிரிகளுக்கும் ஒரே ஒரு பெட்டி. உலகத்திலேயே கடுமையான ராலியை அப்படி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போதும்.

கழுவுவதற்கு முன் எந்த மண் என்று பார்க்க வேண்டும். கோவையைச் சுற்றி ஓட்டுகிறவர்களுக்குச் செம்மண்ணும் கரிசலும் இரண்டும் பழக்கம். ஒரே காலையில் இரண்டிலும் புரண்டு வரலாம். இரண்டும் வண்டியிடம் நடந்துகொள்கிற விதம் வேறு.

கரிசலில் மான்ட்மோரில்லோனைட் என்ற களி அதிகம். அதன் மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கரிசல் காட்டில் கால் நுழைகிற அளவுக்கு விரிசல் விடுவது இதனால்தான். ஈரக் கரிசலில் ஓட்டினால் டயரின் கட்டைகளுக்கு நடுவே அப்பி, மட்கார்டுக்கு அடியில் சேர்ந்து, கடைசியில் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். முழுக்க மண் ஓட்டத்துக்கென்று செய்கிற வண்டிகளில் முன் மட்கார்டை டயரிலிருந்து அவ்வளவு உயரத்தில் வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தச் சேற்றைக் காயவிடக் கூடாது. காய்ந்து இறுகினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி வயரை அறுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே, ஈரமாக இருக்கும்போதே, ஒரு மரக்குச்சியால் மட்கார்டுக்கு அடியிலும் செயின் பக்கமும் இருப்பதைத் தள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செம்மண் அவ்வளவு ஒட்டாது. காய்ந்தால் தட்டினாலே உதிரும். ஆனால் அதில் நுணுக்கமான குவார்ட்ஸ் துகள் இருக்கும். அது சாதாரண இரும்பைவிடக் கடினமானது. காய்ந்த செம்மண் மேல் துணியைப் போட்டுத் தேய்த்தால் பெயிண்டில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். செயின் லிங்குகளுக்குள்ளும், முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் சீல் உதட்டிலும் புகுந்து உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதும் இதுதான். கரிசல் பார்க்கப் பயமாக இருக்கும், செம்மண்தான் சத்தமில்லாமல் வண்டியைத் தேய்க்கும். கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்தால் கதையே வேறு. உப்பு. அன்றைக்கே, ராத்திரி எத்தனை மணியானாலும், நல்ல தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும்.

என்னிடம் இருப்பது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, நான்கு வால்வு. நம் ஊரில் மண்ணுக்கென்று வாங்கக்கூடிய விலையில் வண்டி கிடைப்பதே அபூர்வமாக இருந்தது. 2011-ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது, சில வருடங்களில் நின்றும் போனது. 2019-ல் எக்ஸ்பல்ஸ் வந்த பிறகுதான் வேலைக்குப் போகிற வண்டியிலேயே ஞாயிற்றுக்கிழமை சேற்றிலும் இறங்க முடிந்தது. முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், இரண்டும் ஸ்போக் சக்கரம். தரைக்கும் இன்ஜினுக்கும் 220 மில்லிமீட்டர் இடைவெளி. இதில் நான் சொல்வதெல்லாம் ஹிமாலயனுக்கும், கேடிஎம்முக்கும், பழைய யமஹா ஆர்எக்ஸ்-ஐ மாற்றிக் கட்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

முதலில் வண்டி ஆற வேண்டும். சூடான சைலன்சர் மேலும் இன்ஜின் மேலும் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. உலோகம் சட்டென்று சுருங்குவது ஒரு பக்கம். சூடான இன்ஜின் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கிற காற்றும் சுருங்கும், இன்ஜின் மூச்சு விடுகிற பிரீதர் குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கக்கூட வாய்ப்பு உண்டு. ஆறுகிற நேரத்தில் சைலன்சர் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்ட் போடலாம். சாவித் துவாரத்துக்கு ஒரு துண்டு டேப். பிறகு இன்ஜினுக்கு அடியில் இருக்கிற பாஷ் பிளேட்டைக் கழற்ற வேண்டும். சேறு கிலோ கணக்கில் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றாமல் கழுவுகிற கழுவல் கழுவலே இல்லை. இன்ஜின் அடிப்பகுதியை ஈரச் சேற்றில் வாரக்கணக்கில் ஊறவைப்பதும், டிரெயின் போல்ட்டைத் துருப்பிடிக்க விடுவதும், சூடு வெளியேறாமல் தடுப்பதும் அந்தச் சேறுதான்.

அப்புறம் ஊறவைத்தல். ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டு முழு வண்டியையும் நனைத்துக் கொஞ்ச நேரம் விட்டுவிடுவேன். மறுபடி நனைப்பேன். அவசரப்பட்டால் பிரஷ்ஷுக்கு வேலை அதிகம், பொறுத்தால் தண்ணீரே பாதியைக் கரைத்துவிடும். மண் முழுக்கக் கரைந்து ஓடிய பிறகுதான் ஷாம்பு, பிரஷ் எல்லாம். கார் ஷாம்பு போதும். துணி சோப்புத் தூள் வேண்டாம், அதன் காரம் அலுமினியத்தை வெளுக்க வைக்கும். பெயிண்ட் அடிக்கிற பழைய பிரஷ் இரண்டு, டூத் பிரஷ் ஒன்று, பாட்டில் கழுவுகிற நீளமான பிரஷ் ஒன்று, கூடவே பனியன் வேஸ்ட். திருப்பூர் பக்கத்தில் இருப்பதில் ஒரு லாபம், பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் சல்லிசாகக் கிடைக்கும். எந்த மைக்ரோ ஃபைபர் துணிக்கும் அது குறைந்ததில்லை.

ஆயில் கூலரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே சேறு அடைத்திருந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட வேண்டும். வந்த வழியே அது திரும்பிப் போய்விடும். முன்பக்கத்திலிருந்து விட்டால் இன்னும் உள்ளேதான் போய் அடைக்கும். கேடிஎம் மாதிரி ரேடியேட்டர் உள்ள வண்டிகளுக்கும் இதே வழிதான். கன் வைத்து அடித்தால் தகடு மடங்கும், மடங்கின இடத்தில் காற்றுப் போகாது.

ஓடையிலோ ஏரியிலோ இறக்கி வண்டியைக் கழுவுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். செயினில் இருக்கிற எண்ணெயும் கிரீஸும் மாடு குடிக்கிற தண்ணீரில்தான் கலக்கும். ஓட்டுகிற இடத்திலும் அதே பொறுப்பு வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். மண் தடம் வேண்டுமென்றால் தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு ஓட்டலாம், விதைத்த வயலின் ஓரத்தைக்கூட மிதிக்கக் கூடாது.

தண்ணீரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கோவையில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர்: குடிக்கிற சிறுவாணி ஒன்று, போரில் வருகிற உப்புத் தண்ணீர் ஒன்று. வண்டி கழுவச் சிறுவாணியை எடுக்க மனசு வராது, எடுக்கவும் கூடாது. போர் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். ஆனால் அது அப்படியே காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். ஸ்போக் முனைகளிலும் போல்ட் தலைகளிலும் உப்புத் தங்கித் துருவுக்கு வழிவகுக்கும். அதனால் கழுவின கையோடு துடைத்துவிட வேண்டும். மழைத் தண்ணீர் பிடித்துவைக்கிற வீடு என்றால் கடைசியாக ஒரு பக்கெட் அதை ஊற்றலாம். எவ்வளவு வித்தியாசம் என்று கண்ணிலேயே தெரியும்.

இனி செயின். இதில்தான் ஆளுக்கொரு சாஸ்திரம். ஓ-ரிங் செயினில் ஒவ்வொரு பின்னையும் சுற்றிக் கிரீஸை வைத்துத்தான் தொழிற்சாலையில் மூடுகிறார்கள். அந்தக் கிரீஸைக் காப்பது லிங்குகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ரப்பர் வளையங்கள். பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுக்கும். இரும்புக் கம்பி பிரஷ் அதைக் கிழிக்கும். இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெய் நல்லது, இப்போது கிடைப்பதுதான் கஷ்டம். இல்லையென்றால் டீசல், அல்லது செயின் கிளீனர் ஸ்பிரே. பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டு, நான்கு பக்கமும் தேய்த்து, பனியன் துணியால் உருவித் துடைக்க வேண்டும். டீசல் சொட்டுவதற்கு அடியில் ஒரு தட்டு வைக்கலாம். பின் டயரிலும் டிஸ்க்கிலும் படாமல் ஒரு அட்டையை மறைவாகப் பிடித்துக்கொள்வது அவசியம்.

சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கியர் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிக்கிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. செயின் ஓடுகிற பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் துணி சிக்கினால் விரல் கூடவே போய்விடும். இதில் விரலை இழந்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். பேடாக் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில், சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு செய்தால் போதும்.

முன் ஸ்ப்ராக்கெட்டின் கவரைத் திறப்பவர்கள் குறைவு. இரண்டு மூன்று போல்ட்தான். திறந்தால் கருப்பாக, கெட்டியாக, மண்ணும் எண்ணெயும் கலந்த ஒரு பொருள் கவரின் வடிவத்திலேயே உறைந்து உட்கார்ந்திருக்கும். செயின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் புரண்டுதான் போகிறது. வெளியே தெரிகிற செயினை மட்டும் கழுவினால், அடுத்த கிலோமீட்டரிலேயே இது மறுபடி பூசிவிடும். பக்கத்தில்தான் கியர்பாக்ஸ் ஆயில் சீலும் இருக்கும். சுத்தம் செய்துவிட்டு மறுநாள் பார்த்தால், கசிவு இருக்கிறதா என்று தெளிவாகத் தெரியும். ஸ்விங் ஆர்ம் மேல் செயின் உரசாமல் தடுக்கிற ஸ்லைடரின் தேய்மானத்தையும் இந்தச் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். 90 நம்பர் கியர் ஆயில் மலிவு, உள்ளே நன்றாக இறங்கும். ஆனால் தெறிக்கும், மண்ணையும் பிடிக்கும். மண்ணில் ஓட்டுகிறவர்களுக்கு மெழுகு வகை ஸ்பிரே கொஞ்சம் மேல். எதுவானாலும் செயினின் உள்பக்கத்தில், கொஞ்சமாக. அரை மணி நேரம் விட்டு, வெளியே நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். டபிள்யூடி-40 அடித்துவிட்டு அதுதான் செயின் எண்ணெய் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவான அந்தத் திரவம் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் காக்க முதலில் பயன்பட்டது. கழுவின பிறகு போல்ட் தலைகளிலும் ஸ்போக் முனைகளிலும் ஈரம் போக அடிக்கலாம், அந்த வேலைக்கு அருமையான பொருள். செயினுக்கு அதன் பிறகும் எண்ணெய் வேண்டும்.

செயினுக்கு டைட் வைப்பதில் ஒரு நுணுக்கம். நம் வண்டிகளின் பின் சக்கரம் மேலும் கீழும் நிறையத் தூரம் போய்வரும், எக்ஸ்பல்ஸில் 170 மில்லிமீட்டர். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் ஆணி, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வருகிற நேரத்தில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். ஸ்டாண்டில் நிற்கும்போது அழகாக டைட் வைத்தால், பள்ளத்தில் இறங்கி அந்தக் கோட்டுக்கு வரும்போது செயின் கம்பியாக விறைத்து, கியர்பாக்ஸ் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். அதனால் வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற தொய்வைவிட ஒரு நூல்கூட இறுக்கக் கூடாது. தேய்மானம் பார்க்க, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பக்கத்தில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பார்க்கலாம். பல் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் செட் முழுவதையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும்.

ஏர் ஃபில்டரை ஒவ்வொரு சேற்று ஓட்டத்துக்குப் பிறகும் திறந்து பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் தோய்த்த காகித வகை என்றால் கழுவவோ காற்று அடிக்கவோ கூடாது, அழுக்கானால் மாற்றத்தான் வேண்டும். ஃபோம் வகை போட்டிருப்பவர்கள் கழுவலாம். மண்ணெண்ணெயில் முதலில் அலசி, பிறகு பாத்திரம் கழுவுகிற திரவம் கலந்த தண்ணீரில் அலச வேண்டும். பெட்ரோல் அதன் ஒட்டுப்பசையைக் கரைத்துவிடும். பட்டுச் சேலையை அலசுவதுபோல உள்ளங்கைகளுக்கு நடுவே அமுக்கித்தான் பிழிய வேண்டும், முறுக்கினால் கிழிந்துவிடும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு ஃபோம் ஃபில்டர் ஆயிலைச் சீராக ஊறவைத்து, மிச்சத்தைப் பிழிந்து மாட்டலாம். எண்ணெய் இல்லாத ஃபோம் தூசியைத் தடுக்காது, நேராக சிலிண்டருக்கு அனுப்பும். ஏர்பாக்ஸின் அடியில் தொங்குகிற சின்ன டிரெயின் குழாயைப் பிதுக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் வந்தால் அன்றைக்கு ஃபில்டர் நனைந்திருக்கிறது.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஆழமான ஓடையைக் கடந்து வந்திருந்தால் இன்ஜின் ஆயிலைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. இன்ஜினில் ஆயில் அளவைக் காட்டுகிற கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு, மூன்றாவதாக ஊற்றுவதுதான் நிலைக்கும். ஆயில் காசைப் பார்த்தால் இன்ஜின் காசு போகும்.

முன் ஃபோர்க்கில் ரப்பர் பூட் இருப்பதால் எக்ஸ்பல்ஸ்காரர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். பூட் கல்லையும் தெறிப்பையும் தடுக்கும், அது உண்மை. ஆனால் அடிப்பக்கம் புகுந்த சேற்றுத் தண்ணீர் உள்ளேயே தங்கி, குழாயின் குரோம் பூச்சில் துருப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போதும் ஆயில் சீலின் உதட்டைக் கீறும். கிளிப்பைத் தளர்த்திப் பூட்டை மேலே தூக்கி, குழாயைத் துடைத்து, கொஞ்சம் சிலிக்கான் ஸ்பிரே அடித்து, காற்றாட விட்டு மூடினால் சீல் பல வருடம் உழைக்கும். கசிய ஆரம்பித்துவிட்டாலும் உடனே மாற்றிவிட வேண்டாம். மேலே இருக்கிற டஸ்ட் சீலைக் கிளப்பி நகர்த்திவிட்டு, பழைய எக்ஸ்ரே பிலிமில் ஒரு மெல்லிய துண்டு வெட்டி, முனையைக் கொக்கி மாதிரி செதுக்கி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவே நுழைத்து ஒரு சுற்று சுற்றி இழுத்தால், உதட்டில் மாட்டியிருக்கிற மண் துகள் பல நேரம் வெளியே வந்துவிடும். கசிவும் நின்றுவிடும்.

சக்கரத்தைத் துடைக்கும்போது ஒரு சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக்கொண்டே போவேன். சரியான இறுக்கத்தில் இருப்பது 'டிங்' என்று கணீரென்று ஒலிக்கும். லூசானது 'டொக்' என்று மந்தமாக விழும். ஒன்று இரண்டு லூசாக இருந்தால் ஸ்போக் முனையில் இருக்கிற நிப்பிளைக் கால் சுற்று திருகிப் பார்க்கலாம். வரிசையாகப் பல லூசாக இருந்தால் பெண்டு எடுக்கத் தெரிந்த ஆளிடம்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் இறுக்கினால் இன்னொரு பக்கம் ரிம் ஓடிவிடும். சேற்றுக்காக டயர் காற்றைக் குறைத்து ஓட்டியிருந்தால், வால்வு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் டயர் ரிம்மில் நகர்ந்து டியூபை இழுத்திருக்கிறது. அப்படியே தார்ச் சாலையில் வேகமாகப் போனால் வால்வு அடியில் கிழியும்.

பிரேக்குக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேடைக் கழற்றி, கேலிப்பர் பிஸ்டனைச் சுற்றி இருக்கிற சேற்றை டூத் பிரஷ்ஷால் கழுவிய பிறகுதான் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் உள்ளே இருக்கிற சீல் கிழியும். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் உள்ள வண்டிகளில் அதையும் கழுவிவிட வேண்டும். நடு வழியில் காரணமே தெரியாமல் இன்ஜின் அணைகிற வண்டிகளில் பல நேரம் அந்தச் சுவிட்சில் அடைத்த மண்தான் காரணமாக இருக்கும். கிளச் கேபிளின் மேல் முனையில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய். ஸ்பார்க் பிளக்கைச் சுற்றித் தேங்கின தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகுதான் பிளக்கைக் கழற்றலாம்.

கழுவி முடித்ததும் வண்டியை அப்படியே மூடிவைத்துவிடக் கூடாது. சைலன்சர் மூடியையும் டேப்பையும் எடுத்துவிட்டு, தெருவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். டிஸ்க்கும் பேடும் காய்ந்துவிடும். சைலன்சருக்குள் போன ஈரமும் ஆவியாகும். ஈரமாக மூடி நிறுத்தினால் மறுநாள் காலையில் பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஏர் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் வயர் கனெக்டர்களுக்கும் சுவிட்சுகளுக்கும் தூரத்திலிருந்து அடிக்கலாம். பேரிங் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது, கன் செய்கிற அதே வேலையை அதுவும் செய்யும்.

மண் ஓட்டத்துக்குக் கிளம்புவதற்கு முன்பு செய்கிற கொஞ்ச வேலை, திரும்பி வந்து செய்கிற வேலையில் பாதியைக் குறைக்கும். மட்கார்டின் அடிப்பக்கத்திலும் பாஷ் பிளேட்டின் உள்பக்கத்திலும் சிலிக்கான் ஸ்பிரே அடித்துவிட்டால் சேறு பிடிப்பில்லாமல் வழுக்கி விழும். மண் பந்தயம் ஓட்டுகிற மோட்டோகிராஸ்காரர்கள் பாஷ் பிளேட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே, ஃபுட்ரெஸ்ட் ஸ்பிரிங்கைச் சுற்றி என்று சேறு புகக்கூடிய சந்துகளில் துளையுள்ள ஸ்பாஞ்ச் துண்டுகளைத் திணித்துவைப்பார்கள். சேறு நுழைய இடமே இருக்காது. ஆனால் பந்தயம் முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். நாமும் அப்படியே, விட்டுவைத்தால் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எல்லா கனெக்டர்களிலும் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒருமுறை வைத்துவிட்டால் ஒரு மழைக்காலம் தாங்கும்.

தென்மேற்குப் பருவமழையை ஜூனிலேயே பொள்ளாச்சிப் பக்கம் பிடித்துவிட்டு, அக்டோபரிலிருந்து வடகிழக்கிலும் நனைகிறவர்கள் நாம். வருடத்தில் பாதிக்கு மேல் வண்டி ஈரத்தில்தான் இருக்கிறது. அதனால் வடகிழக்கு ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலோ பொங்கல் லீவிலோ, கோன் செட், வீல் பேரிங், ஸ்விங் ஆர்ம் ஆணி மூன்றையும் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக வைத்துவிட வேண்டும். பட்டறைகளில் சாதாரணமாகப் போடுகிற எம்பி 3 கிரீஸ் மோசமில்லை. தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் கிடைத்தால் கோன் செட்டுக்கு அதையே கேட்டு வாங்கிப் போடச் சொல்லலாம், விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். எங்கேயும் தட்டாமல் தயங்காமல் போய்ச் சேர்ந்தால் சரி. நடுவில் நின்றால், அடுத்த மழைக்கு முன்பே மெக்கானிக்கிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.